சேர்த்து ஓட்டிப் பார்த்தாயா?



சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கப் பந்தியில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த நண்பரிடம், "பையன் எங்கே வேலை பார்க்கிறான்?" என்று கேட்டேன். "பெங்களூரில், கிளவுட் கம்பெனியில்" என்றார் பெருமையுடன். "கிளவுடில் என்ன வேலை?" என்றேன். அவர் சாம்பாரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏதோ டெஸ்டிங்காம் சார். நமக்கென்ன தெரியும்!" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் தங்கை மகளும் புனேயில் அதே வேலைதான் பார்க்கிறாள். போன தீபாவளி வரை எனக்கும் அது "ஏதோ டெஸ்டிங்"தான். தீபாவளிக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு நாட்களில் அந்த வேலை இன்னதென்று கற்றுக்கொண்டேன். கற்றபோது, இதை நான் முப்பத்தேழு வருஷம் வேறு பெயரில் செய்திருக்கிறேன் என்றும் தெரிந்தது. நான் டிப்ளமோ படித்துவிட்டு 1981இல் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2018இல் ஓய்வு பெற்றவன். கணிப்பொறிப் படிப்பு எதுவும் கிடையாது. ஆகவே இந்தப் பாடத்தைச் சிக்னல்காரன் பாஷையிலேயே சொல்கிறேன். பெரியவர்கள் முதல் பாதியையும், பிள்ளைகள் இரண்டாம் பாதியையும் கவனமாகப் படித்தால் போதும்.

தீபாவளியன்று வந்த தொலைபேசி

நரக சதுர்த்தசி காலை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு. பேசி முடித்தவள் முகம் வாடிவிட்டது. விசாரித்தேன்.

"நான் எழுதின மாற்றம் மாமா. போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்குப் போச்சு. எங்ககிட்ட இருக்கிற அத்தனை டெஸ்டும் பாஸ். ஆனா அவங்க இடத்துல சின்னச் சின்னச் செய்தியெல்லாம் போகுது. பெரிய கோப்பு மட்டும் பாதியிலேயே நின்னுடுது. ஆஸ்பத்திரிக்காரங்க. எக்ஸ்ரே படம் ஒரு கட்டடத்துலேருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக மாட்டேங்குதாம்."

"தனித்தனியாகச் சோதித்தீர்களா, சேர்த்து ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுக்குப் பேரே இண்டெக்ரேஷன் டெஸ்ட் மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லுமுன், அவர்கள் செய்யும் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம்.

மேகத்துக்குள் என்ன இருக்கிறது?

கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. பெரிய கூடத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கி வைத்து, அவற்றை வாடகைக்கு விடும் தொழில்தான் அது. ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் பல "மாய இயந்திரங்களை" உண்டாக்கி, பல வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே அஸ்திவாரத்தின் மேல் நாற்பது குடும்பங்கள் இருப்பதுபோல.

இயந்திரம் மாயம் என்றால், அவற்றை இணைக்கும் கம்பியும் மாயம்தான். சுவிட்ச், ரவுட்டர், முகவரி வழங்கும் டிஹெச்சிபி, வாசல் காவலாளியான ஃபயர்வால் எல்லாமே மென்பொருள். இதைத்தான் கிளவுட் நெட்வொர்க்கிங் மென்பொருள் என்கிறார்கள்.

இதில் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய திறந்த மென்பொருள் ஒன்று உண்டு. ராக்ஸ்பேஸ் நிறுவனமும் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக். அதன் வலையமைப்புப் பகுதிக்கு முதலில் குவாண்டம் என்று பெயர். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியோடு மோதியதால் 2013இல் நியூட்ரான் என்று மாற்றினார்கள். மென்பொருளைப் போலவே அதன் சோதனைகளும் பொதுவில் இருப்பதால், கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

மூன்று படிச் சோதனை

ஒரு ஸ்டேஷனில் புதிய சிக்னல் அமைப்பு வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு ரிலேயையும் மேஜையில் வைத்து, மின்சாரம் கொடுத்தால் தூக்குகிறதா, எடுத்தால் விழுகிறதா என்று பார்ப்போம். மென்பொருளில் இது யூனிட் டெஸ்ட். சுற்றுப்புறம் எல்லாம் பாவனை. ஒரு சிறு துண்டு மட்டும் நிஜம்.

இரண்டாவதாக, ஒரு பாயிண்ட் மோட்டாரை நிஜத் தண்டவாளத்தோடு இணைத்து இயக்கிப் பார்ப்போம். மென்பொருளில் இது ஃபங்ஷனல் டெஸ்ட். ஒரு பகுதி, நிஜமான இயங்குதளத்தின் மேல்.

மூன்றாவது, ஸ்டேஷன் முழுவதையும் பேனலிலிருந்து இயக்கிப் பார்ப்பது. பாயிண்ட், சிக்னல், டிராக் சர்க்யூட், அவற்றுக்கு இடையே ஓடும் கேபிள் எல்லாம் சேர்ந்து, ஒரு ரயிலைப் பத்திரமாக உள்ளே வாங்குகின்றனவா? இதுதான் ஒருங்கிணைப்புச் சோதனை.

முதல் இரண்டும் சரியென்றால் மூன்றாவது தானாகச் சரியாகிவிடும் என்று இளம் வயதில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தக் கதையைச் சங்கத்தில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

1987, பின்னிரவு மூன்று மணி

மத்திய இந்தியாவில் ஒரு சிறிய ஸ்டேஷன். ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன். பழைய லீவரை எடுத்துவிட்டுப் புதிய பேனல் வைக்கிறோம். காலை ஆறு மணிக்குள் சோதனை முடிந்து கையெழுத்தாக வேண்டும்.

டிராக் சர்க்யூட் என்பது எளிய விஷயம். தண்டவாளத்தின் ஒரு துண்டில் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் ரிலே தூக்கிக்கொண்டிருக்கும். ரயில் வந்து நின்றால் அதன் சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், ரிலே விழும், பேனலில் சிவப்பு தெரியும். கம்பி அறுந்தாலும் ரிலே விழும். பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாயவேண்டும் என்பது எங்கள் வேதம்.

லூப் லைன் சர்க்யூட்டை நான் எப்படிச் சோதித்தேன்? ரிலே அறையில் இருந்தபடியே அந்த ரிலேயின் இணைப்பைக் கழற்றினேன். பேனலில் லூப் சிவப்பானது. மெயினுக்கும் அப்படியே. வெளியே மழை. டெஸ்ட் ஷீட்டில் இரண்டு வரிக்கும் டிக் போட்டுவிட்டேன்.

எங்கள் சீனியர் இன்ஸ்பெக்டர் ஒரு மராட்டியர். அதிகம் பேசமாட்டார். ஷீட்டைப் பார்த்தார். "தண்டவாளத்தில் ஷன்ட் வைத்துப் பார்த்தாயா?" என்றார். "ரிலே அறையிலேயே பார்த்தாகிவிட்டது சார்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் குடையையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். நானும் கலாசியும் பின்னால் ஓடினோம். லூப் லைனில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஷன்ட் கம்பியை வைத்தார். பேனலில் இருந்தவரிடம் போனில் கேட்டார்.

"மெயின் லைன் சிவப்பு சார். லூப் காலி."

எனக்கு உடம்பு சில்லிட்டது. லொகேஷன் பாக்ஸில் இரண்டு கேபிள் ஜோடிகள் இடம் மாறியிருந்தன. ரிலே நல்ல ரிலே. தண்டவாளம் நல்ல தண்டவாளம். பேனல் நல்ல பேனல். நடுவிலிருந்த கம்பி மட்டும் தப்பு. லூப் லைனில் ஒரு பாசஞ்சர் வண்டி நிற்கும்போது, அது காலி என்று நம்பிக்கொண்டு அதே லைனுக்குள் இன்னொரு வண்டியை வாங்க அந்தப் பேனல் சிக்னல் கொடுத்திருக்கும்.

கம்பியை மாற்றினோம். மறுபடி முதல் வரியிலிருந்து எல்லாச் சோதனையும் செய்தோம். என் பழைய ஷீட்டை அவர் கிழிக்கவில்லை; மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "ஒவ்வொன்றும் சரியாக இருப்பது வேறு, எல்லாம் சேர்ந்து சரியாக இருப்பது வேறு" என்றார். அவ்வளவுதான். அந்த ஷீட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அன்று எங்கள் பெண்ணிடம் எடுத்துக் காட்டினேன்.

50 பைட் செய்த வேலை

இப்போது அவள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு வெவ்வேறு நிஜ இயந்திரங்களில் இருக்கும் மாய இயந்திரங்கள் பேசிக்கொள்ள வேண்டுமானால், ஒன்றின் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவார்கள். இதில் பரவலாகப் புழங்கும் முறை விஎக்ஸ்லான். 2014இல் இதன் விவரம் ஆவணமாக வெளியானது. பழைய விஎல்ஏஎன் முறையில் வலைகளுக்கு எண் கொடுக்க 12 பிட்தான். 4,096 எண்ணுக்கு மேல் போகாது. விஎக்ஸ்லானில் 24 பிட், 1,67,77,216 எண்கள். வாடிக்கையாளர் பெருகப் பெருக இது தேவைப்பட்டது.

கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் லாரிகளை அப்படியே சரக்கு வண்டியின் மேல் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். லாரி தானே ஒரு வண்டி. அதை இன்னொரு வண்டி சுமக்கிறது. விஎக்ஸ்லான் அதேதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். சாலையில் ஒரு பாலத்தின் கீழ் தாராளமாகப் போகும் லாரி, வேகன் மேல் ஏறியதும் வேகனின் உயரமும் சேர்ந்துவிடுகிறது. ஆகவேதான் ஏற்றுமுன் உயரம் பார்க்கிறார்கள்.

வலையமைப்பில் அந்த உயர வரம்புக்கு எம்டியூ என்று பெயர். சாதாரண ஈதர்நெட்டில் அது 1,500 பைட். விஎக்ஸ்லான் சேர்க்கும் சுமை: வெளி ஐபி தலைப்பு 20, யூடிபி 8, விஎக்ஸ்லான் 8, உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14. மொத்தம் 50. ஆகவே உள்ளே போகும் பாக்கெட் 1,450 பைட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. மாய இயந்திரத்திடம் "உன் வரம்பு 1,450" என்று சொல்லாவிட்டால் அது 1,500 என்றே நினைத்து அனுப்பும். சின்னச் செய்தி போகும். பெரிய கோப்பு முழு அளவுப் பாக்கெட்டுகளாகக் கிளம்பும். வழியில் ஓசையில்லாமல் கீழே போடப்படும். எக்ஸ்ரே படம் நின்றது இதனால்தான். அவளுடைய மாற்றத்தில் அந்த வரம்பைச் சொல்லும் வரி ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது.

சரி, அவர்கள் சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை? இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு காரணங்கள். ஒன்று, சோதனையில் இரண்டு மாய இயந்திரங்களும் ஒரே நிஜ இயந்திரத்தில் இருந்தன. பாக்கெட் வேகன் மேல் ஏறவே இல்லை. இரண்டு, "பிங்" என்ற சின்னச் செய்தியை மட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். லினக்ஸில் பிங் சுமக்கும் தகவல் வழக்கமாக 56 பைட்தான். அதாவது, மழைக்குப் பயந்து ரிலே அறையிலேயே டிக் போட்டிருந்தார்கள்!

வீட்டிலேயே செய்து பார்க்கும் பாடம்

அன்று மத்தியானம், பட்சணத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பழைய லினக்ஸ் மடிக்கணினியில் அந்த நிலைமையை அப்படியே அமைத்துக் காட்டினாள். கல்லூரிப் பிள்ளைகள் இதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதி உண்டு. ஒரே கணிப்பொறிக்குள் பல தனி வீடுகள் கட்டுவது போன்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் முகவரி, தன் வழிப்பட்டியல், தன் காவலாளி. வீடுகளை இணைக்க வீத் என்ற மாயக் கம்பி. அதற்கு இரு முனை, ஒன்றில் போட்டது மற்றதில் வரும். நியூட்ரானின் ஃபுல்ஸ்டாக் சோதனைகளும் இப்படியே, ஒரே இயந்திரத்தில் பல இயந்திரங்கள் இருப்பதுபோல் அமைத்துப் பார்க்கின்றன.

1. இரண்டு நேம்ஸ்பேஸ்களை நிஜ இயந்திரங்களாகப் பாவித்து, "முதல் யந்திரம்", "இரண்டாம் யந்திரம்" என்று பெயர் வையுங்கள். இரண்டையும் ஒரு வீத் கம்பியால் இணைத்து 192.168.50.1, 192.168.50.2 என்று முகவரி கொடுங்கள். கம்பியின் எம்டியூ 1,500.

2. இரண்டிலும் விஎக்ஸ்லான் சாதனம் ஒன்றை 100 என்ற எண்ணில், யூடிபி கதவு எண் 4789இல் உண்டாக்குங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த யந்திரத்தில் ஒரு பிரிட்ஜோடு சேருங்கள்.

3. இன்னும் இரண்டு நேம்ஸ்பேஸ்கள் வாடகைக்காரர்கள். முதல் யந்திரத்தின் பிரிட்ஜில் "அ", முகவரி 10.0.0.1. இரண்டாம் யந்திரத்தின் பிரிட்ஜில் "ஆ", முகவரி 10.0.0.2.

4. "அ"விலிருந்து "ஆ"வுக்குச் சாதாரண பிங். பதில் வரும். இங்கேதான் பலர் டிக் போட்டுவிடுகிறார்கள்.

5. இப்போது பாக்கெட்டை உடைக்கக்கூடாது என்ற கட்டளையோடு, 1,472 பைட் பிங் அனுப்புங்கள். அதோடு தலைப்பு 28 சேர்ந்து சரியாக 1,500. பதில் வராது; பிழைச் செய்தியும் வராது. வெறும் மௌனம். ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான்.

6. 1,422 பைட்டுக்குக் குறையுங்கள். 28 சேர்ந்து 1,450. பதில் வரும்.

7. "அ", "ஆ" இரண்டின் எம்டியூவையும் 1,450 ஆக்கிவிட்டு மறுபடி 1,472 அனுப்புங்கள். இம்முறை அனுப்பும் இடத்திலேயே "செய்தி நீளம் அதிகம்" என்று மறுப்பு வரும். மௌனமாகத் தொலைவதைவிட வாசலிலேயே மறுப்பது எவ்வளவோ மேல். கோப்பு அனுப்பும் டிசிபி முறை இந்த வரம்பைத் தெரிந்துகொண்டு தன் பாக்கெட்டைத் தானே சிறிதாக்கிக்கொள்ளும்.

போகக்கூடாதது போகாமல் இருக்கிறதா?

சிக்னல் சோதனையில் பச்சை வருகிறதா என்று பார்ப்பது சிறு பகுதி. வரக்கூடாத நேரத்தில் வராமல் இருக்கிறதா என்று பார்ப்பதே பெரும் பகுதி. ஒரு வழிக்கு எந்தெந்தப் பாயிண்ட் எப்படி இருக்கவேண்டும், எந்தெந்த டிராக் காலியாக இருக்கவேண்டும், எந்தெந்தச் சிக்னல் கூடவே வரக்கூடாது என்று அட்டவணை இருக்கும். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கெடுத்து, சிக்னல் மறுக்கிறதா என்று பார்ப்போம்.

கிளவுடிலும் அப்படியே. 200 என்ற எண்ணில் இன்னொரு விஎக்ஸ்லான் அமைத்து, இரண்டாம் யந்திரத்தில் "இ" என்ற வேறொரு வாடகைக்காரரை வையுங்கள். அவருக்கும் அதே 10.0.0.2 முகவரியைக் கொடுங்கள். கிளவுடில் இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியை வைத்துக்கொள்வது சகஜம். "அ" கூப்பிட்டால் "ஆ" மட்டும் பதில் சொல்லவேண்டும். "இ"யின் கதவில் ஒரு பாக்கெட்கூட வரக்கூடாது. ஒருவருடைய தகவல் அடுத்தவர் வீட்டில் விழுந்தால் அது எக்ஸ்ரே நிற்பதைவிட மோசம்.

இதில் ஒரு பொறி உண்டு. "இ"க்கு ஒன்றும் வரவில்லை என்பதால் காவல் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. "இ"யின் கம்பியே பிடுங்கியிருந்தாலும் ஒன்றும் வராதே! ஆகவே முதல் யந்திரத்தில் 200ஆம் எண் வலையில் "ஈ" என்ற ஒருவரை வைத்து, அவரால் "இ"யை அடைய முடிகிறது என்று முதலில் நிரூபியுங்கள். ஃபயர்வால் சோதனையும் இப்படியே: அனுமதி கொடு, போகிறது, அனுமதியை எடு, நிற்கிறது, மறுபடி கொடு, போகிறது. மூன்றும் நடந்தால்தான் டிக்.

சோதனைக் கூடத்துக்குச் சில விதிகள்

அவள் சொன்னதும் நான் சொன்னதும் கலந்து ஒரு காகிதத்தில் எழுதினோம்.

முதல் விதி, காத்திருக்கத் தெரியவேண்டும். மாய இயந்திரம் தயாராக எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. "பத்து விநாடி சும்மா இரு" என்று எழுதினால் ஒரு நாள் பத்து போதாது. பாயிண்ட் மோட்டாருக்கு விநாடி எண்ணி யாரும் சிக்னல் கொடுப்பதில்லை. பாயிண்ட் பூட்டிக்கொண்டது என்ற அத்தாட்சி வந்த பிறகே கொடுப்போம். அதுபோல, "தயாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். அதற்கும் ஓர் உச்ச வரம்பு வைக்கவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு சோதனையும் தன் வலையைத் தானே உண்டாக்கி, முடிந்ததும் துடைத்துவிட்டுப் போகவேண்டும், தோற்றாலும் துடைக்கவேண்டும். முந்தியவர் விட்டுப்போன எச்சில் இலையில் அடுத்தவர் உட்காரக்கூடாது.

மூன்றாவது, பழுதை நாமே உண்டாக்கிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு யந்திரத்திலும் வலையை அமைக்கும் ஏஜெண்ட் என்ற நிரலை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்து அறுபடக்கூடாது.

நான்காவது, தோல்விக்குச் சாட்சி வேண்டும். இரு முனையிலும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டால், எந்த இடத்தில் தொலைந்தது என்று தெரியும்.

ஐந்தாவது, எனக்கு மிகவும் பிடித்தது. சில சோதனைகள் பத்துக்கு ஒரு முறை தோற்கும்; மறுபடி ஓட்டினால் பாஸாகும். ஓப்பன்ஸ்டாக்கில் "ரீசெக்" என்று ஒரு சொல் எழுதினால் சோதனை மறுபடி ஓடும். காரணம் தேடாமல் அந்தச் சொல்லையே எழுதிக்கொண்டிருப்பது ஆபத்து. "சார், பழுது தானே சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் எங்கள் சீனியருக்குத் தூக்கம் வராது. தானே சரியானது தானே திரும்பியும் வரும்.

இந்தச் சிறு கூடத்துக்கு அடுத்த படி, ஓப்பன்ஸ்டாக் முழுவதையும் ஒரே இயந்திரத்தில் நிறுவும் டெவ்ஸ்டாக். அது இயந்திரத்தின் அமைப்பையே மாற்றிவிடும் என்பதால், அழித்தாலும் கவலையில்லாத தனி இயந்திரத்தில் மட்டுமே போடவேண்டும். நினைவகமும் அதிகம் வேண்டும். அதன் மேல் டெம்பஸ்ட் என்ற சோதனைத் தொகுப்பை ஓட்டலாம். அது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் எப்படிக் கேட்பாரோ அப்படி வெளியிலிருந்து கேட்டுப் பார்க்கும். ஓப்பன்ஸ்டாக்கில் யார் மாற்றம் எழுதினாலும் சூல் என்ற நிரல் இத்தகைய சோதனைகளை ஓட்டி, தேறினால்தான் மாற்றத்தை உள்ளே சேர்க்கும். கையெழுத்து இல்லாமல் லைன் திறக்கமாட்டோம் அல்லவா, அதுபோல.

பெரியவர்களும் தவறியதுண்டு

1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிய ஒரு நிமிஷத்துக்குள் சிதறியது. அதன் திசைகாட்டும் கருவி ஏரியான் 4இலிருந்து எடுத்தது; அங்கே நன்றாக வேலை செய்தது. ஏரியான் 5 போகும் வேகத்தில் ஓர் எண் பெரிதாகி, 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குள் அடங்காமல் போனது. முழு ராக்கெட்டையும் பாவித்து நடந்த சோதனையில் அந்தக் கருவியை நிஜமாக வைக்காமல், அதைப்போல நடிக்கும் மென்பொருளை வைத்திருந்தார்கள். தனியாக நல்ல கருவி, சேர்ந்தபோது தப்பு. லாரி நல்ல லாரி. வேகன் மேல் ஏறியபோதுதான் இடித்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தீபாவளி முடிந்து கிளம்பும்போது எங்கள் பெண் கேட்டாள்: "மாமா, தப்பு என் பேர்ல இருக்குன்னு நானே எழுதிக் கொடுக்கட்டுமா? இல்லே, டெஸ்ட் பாஸ் ஆச்சே, யாரும் என்னைக் கேட்க மாட்டாங்கன்னு விட்டுடட்டுமா?"

நான் அந்தப் பழைய ஷீட்டை நினைத்துக்கொண்டேன். "எழுதிக் கொடும்மா. தப்போடு கூட, அதைப் பிடிக்கும் சோதனையையும் சேர்த்துக் கொடு" என்றேன். அப்படியே செய்தாள். இரண்டு நிஜ இயந்திரங்களுக்கு இடையே முழு அளவுப் பாக்கெட்டை அனுப்பிப் பார்க்கும் சோதனை இப்போது அவர்கள் கம்பெனியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடுகிறதாம். ஆஸ்பத்திரியில் படமும் போகிறது. இரண்டு வாரம் கழித்து அவளே போன் செய்து, "அந்த டெஸ்ட் இன்னிக்கு இன்னொருத்தரோட தப்பைப் பிடிச்சுது மாமா" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம்தான்.

நம்மில் பலர் ரயில்வே, ஆலை, வங்கி என்று வேலை தேடி ஊரைவிட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகளின் வேலை நமக்குப் புரியாது என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். வேலையின் பெயர்தான் புதிது. அதிலிருக்கும் பொறுப்பு பழையதுதான். அடுத்த முறை பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, "என்ன சம்பளம்?" என்பதோடு நிறுத்தாமல், "நீ செய்ததைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பான்.

பொங்கல் பந்தியில் சந்தித்த நண்பரே, உங்கள் பையன் வந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள். மடிக்கணினி தயாராக இருக்கிறது. அவனிடம் நான் கேட்டுக்கொள்ள வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன.